மலைக்காட்டு ஐரிஸ் எந்த அடையாளத் திறவுகோலிலும் அடங்கவில்லை: புதிய சிற்றினம் என்று சொல்ல என்னென்ன வேண்டும்?

இலையடி கேட்டது:

வணக்கம். மலைக்காட்டின் அடர்நிழலில், ஈரம் நிற்காத கல்சரிவில் வளரும் ஒரு காட்டு ஐரிஸை அடையாளம் காண வேண்டும். உயரம் சுமார் 1,900 மீட்டர். இடத்தை வேண்டுமென்றே எழுதவில்லை.

செடி பசுமை மாறாதது. மட்டநிலத்தண்டு (மண்ணடியில் படுக்கையாக வளரும் தண்டு) மெலிதாக ஊர்கிறது. பச்சை நிற ஓடுதண்டுகளும் (பக்கவாட்டில் ஓடிப் புதுச் செடி விடும் தண்டுகள்) உண்டு. இலைகள் தரையிலிருந்தே விசிறியாக எழுகின்றன: நீளம் 35–45 செ.மீ., அகலம் 2–2.5 செ.மீ. பூத்தண்டு அரை மீட்டர், 4 முதல் 6 கிளைகள். பூ வெளிர் ஊதா, விரிந்தால் 5 செ.மீ. குறுக்களவு, இதழ் ஓரம் நுண்ணிய சீப்புப் பற்கள் போலக் கிழிந்திருக்கும். வெளியிதழின் நடுவில் கொண்டை இருக்கிறது. ஆனால் ஐரிஸ் ஜப்போனிகா என்ற சிற்றினத்துக்குச் சொல்லப்படும் ஆரஞ்சு நிறம் இல்லை. கிட்டத்தட்ட வெள்ளை, நுனியில் மட்டும் மஞ்சள். மூன்று கூட்டங்கள் தெரியும். அவற்றில் ஒன்றில்தான் காய் பிடித்திருக்கிறது.

மூன்று கேள்விகள். இதைப் புதியது என்று கருத இந்த வேறுபாடுகள் போதுமா? உலர்தாவர மாதிரிக்காக அழுத்திய பூக்கள் எல்லாம் தாளோடு ஒட்டிக் கருத்துப்போயின. சரியான முறை என்ன? டி.என்.ஏ. சோதனை மட்டும் செய்தால் முடிவு கிடைத்துவிடுமா?

---

மட்டநிலம் பதில்:

விவரமாக எழுதியதற்கு நன்றி. உங்கள் முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: இப்போதைக்குப் போதாது. அதற்காக ஆர்வத்தைக் கைவிட வேண்டாம். எவற்றை எடை குறைவாகவும் எவற்றை எடை கூடுதலாகவும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கொண்டை இருப்பதால் இது தாடி ஐரிஸ் இல்லை என்பது உறுதி. தாடி என்பது மயிர்க்கற்றை. கொண்டை என்பது இதழ்த் திசுவே மேலெழுந்து நிற்கும் முகடு. ஆனால் கொண்டை இருப்பவை எல்லாம் ஒரே குடும்பக் கிளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லோஃபிரிஸ் என்று ஒரே பிரிவில் வைக்கப்பட்டவை ஒரே மூதாதையிலிருந்து வந்தவை அல்ல என்று மூலக்கூறு ஆய்வுகள் காட்டிவிட்டன. அதனால் ஒப்பிடும் பட்டியலைக் கொஞ்சம் அகலமாகவே வையுங்கள்.

நீங்கள் சொன்னதை வைத்து அருகில் நிறுத்த வேண்டியவை நான்கு. ஐரிஸ் ஜப்போனிகா: இலை விசிறி தரையிலேயே, ஓடுதண்டு உண்டு, பூ 5 செ.மீ. அளவு. உங்கள் செடிக்கு மிக நெருங்கியது இதுதான். ஐரிஸ் கன்ஃபூசா: மூங்கில் குச்சி போன்ற தண்டு நிமிர்ந்து ஒரு மீட்டர் அளவுக்கு வளர்ந்து, அதன் உச்சியில்தான் இலை விசிறி. உங்கள் விவரத்தோடு பொருந்தாது. ஆனால் இளஞ்செடியில் தண்டு நீண்டிருக்காது. மூத்த செடியைத்தான் பார்க்க வேண்டும். ஐரிஸ் வாட்டி: அதுவும் தண்டுள்ளது, பூ இன்னும் பெரியது, இலையில் நரம்பு மேடுகள் தெளிவாகத் தெரியும். ஐரிஸ் டெக்டோரம்: கொண்டை வெள்ளை என்பதால் பட்டியலில் வைக்கிறேன். ஆனால் பூ ஏறத்தாழ 10 செ.மீ., பூத்தண்டில் கிளை குறைவு, குளிரில் இலை பட்டுப்போகும்.

இனி எடை குறைவானவை. இலையின் நீள அகலம் நிழலைப் பொறுத்து மாறும்; ஒரே செடியை வெயிலுக்கு மாற்றினால் இலை குட்டையாகித் தடிக்கும். பூவின் நிறம் இன்னும் மோசம். ஜப்போனிகாவிலும் டெக்டோரத்திலும் வெள்ளைப் பூ வடிவங்கள் ஏற்கெனவே பெயரிடப்பட்டிருக்கின்றன, அவை தனிச் சிற்றினங்கள் அல்ல. கொண்டையின் நிறமும் இதே கணக்கில்தான் சேரும்.

எடை கூடியவை: கொண்டையின் வடிவம் (ஒற்றை முகடா, மூன்றா, விளிம்பு வெட்டுப்பட்டதா), பூக்குழலின் நீளம், சூலகத்தண்டுக் கிளையின் (இதழ் போல விரிந்த பெண்பகுதி) நுனி மடல்கள், அதன் அடியில் இருக்கும் சூலகமுடி மடிப்பு (மகரந்தத்தை ஏற்கும் இடம்) இரு பிளவா ஒரே நாக்கா, பூ மலரும் நாளில் பூவடிச்செதில் (மொட்டைச் சூழ்ந்திருக்கும் செதில்) பச்சையா சருகா, காம்பு செதிலுக்கு உள்ளேயா வெளியேயா, காயின் அலகு (நுனிக் கூர்), விதையின் பத்திரி (விதையோடு ஒட்டிய சதைப்பகுதி). பூவடிச்செதில் விஷயத்தில் பலர் தவறுவார்கள். பூக்கும்போது பச்சையாக இருப்பது காய்க்கும்போது சருகாகிவிடும். அதனால் காய் மாதிரியைப் பார்த்து ‘சருகுச் செதில்’ என்று எழுதினால் திறவுகோல் வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். பத்திரியும் அப்படித்தான்: உலர்ந்தால் சுருங்கி மறைந்துவிடும், காய் வெடித்த அன்றே புது விதையில் பார்க்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் கூட்டங்களைப் பற்றியது. ஓடுதண்டால் பரவும் செடியில், 20 மீட்டர் நீளக் கூட்டம் முழுவதும் மரபளவில் ஒரே செடியாக இருக்கலாம். அதில் 30 தண்டுகளை அளந்தால் 30 செடிகளை அளந்ததாகாது. ஒரே செடியை 30 முறை அளந்ததாகத்தான் ஆகும். கூட்டத்துக்குள் குறைந்தது 5 மீட்டர் இடைவெளி விட்டு அளவெடுங்கள். மூன்று கூட்டங்களையும் தனித்தனி வரிசையில் பதியுங்கள். அவற்றுக்கு அப்பால் நான்காவது, ஐந்தாவது கூட்டம் தேடுவது எந்தச் சோதனையையும்விட அதிகப் பயன் தரும்.

இரண்டு கூட்டங்களில் காய் இல்லை என்பதும் ஒரு தகவல்தான். ஜப்பானில் உள்ள ஐரிஸ் ஜப்போனிகா மும்மயம் (இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் உள்ளது). குரோமோசோம் எண்ணிக்கை 54, விதையே பிடிக்காமல் தண்டால் மட்டும் பரவுகிறது. உங்கள் காய்க்காத கூட்டங்களும் அப்படி இருக்கலாம். அல்லது தன் மகரந்தத்தை ஏற்காத ஒற்றைச் செடியின் நகல்களாக இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. காய்த்த கூட்டத்திலிருந்து மகரந்தம் கொண்டுவந்து, சூலகத்தண்டுக் கிளையின் அடிப்புறத்தில் உள்ள அந்தச் சிறு மடிப்பைத் தாழ்த்தி, உட்புறத்தில் தடவுங்கள். மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைப்பை கட்டி வைத்தால்தான் தேனீ முந்திக்கொள்ளாது. 10 பூவுக்காவது செய்யுங்கள். நல்ல விதை பிடித்தால் மும்மயம் என்ற ஐயம் பெரும்பாலும் விலகும்.

இன்னொன்று: பழைய குடியிருப்போ வழிபாட்டிடமோ கைவிட்ட தோட்டமோ அருகில் இருக்கிறதா? இந்தக் குழுவில் சில நூற்றாண்டுகளாக நட்டு வளர்க்கப்படுபவை. காட்டுக்குள் இருப்பதாலேயே காட்டுச் செடி என்று ஆகாது.

---

தாளும்பசையும் பதில்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஐரிஸ் மாதிரிகள் பல பயனற்றுப்போவது பூவை அழுத்தும் இடத்தில்தான். இதழில் நீர் மிகுதி, தோல் மெல்லியது, ஆயுள் ஒன்றிரண்டு நாள். பையில் போட்டு மாலையில் அழுத்தலாம் என்று விட்டால் போச்சு. பறித்த இடத்திலேயே, பறித்த சில நிமிடங்களில் அழுத்த வேண்டும்.

ஒரு செடிக்குக் குறைந்தது மூன்று பூ தேவை. முதல் பூவைப் பக்கவாட்டில், இதழ்களின் இயல்பான நிலை தெரியும்படி அழுத்துங்கள். இரண்டாவது பூவின் குழலை இரு வெளியிதழ்களுக்கு நடுவே மேலிருந்து சூலகம் வரை கூரிய பிளேடால் கீறி, புத்தகம் போலத் திறந்து, உட்புறம் மேலே தெரிய விரியுங்கள். மூன்றாவதைப் பிரித்துவிடுங்கள்: வெளியிதழ் ஒன்று, உள்ளிதழ் ஒன்று, மகரந்தத்தாளோடு சேர்ந்த சூலகத்தண்டுக் கிளை ஒன்று. சூலகமுடி கிளையின் அடிப்புறத்தில் இருப்பதால், ஒரு கிளையை மேற்புறம் தெரியவும் இன்னொன்றை அடிப்புறம் தெரியவும் வையுங்கள். இதைச் செய்யாத மாதிரியில் சூலகமுடியைப் பின்னால் யாராலும் பார்க்க முடியாது.

உங்கள் பூ தாளோடு ஒட்டிய காரணம், செய்தித்தாளில் நேரடியாக வைத்தது. பூவின் இருபுறமும் மெல்லிய டிஷ்யூ தாள் அல்லது எண்ணெய் ஒட்டாத சமையல் தாள் வையுங்கள். செய்தித்தாளை மாற்றும்போது இந்த மெல்லிய தாளைப் பிரிக்கவே கூடாது. பூ அதற்குள்ளேயே இருந்தபடி அடுத்த உலர்தாளுக்கு மாற வேண்டும். முழுதாக உலர்ந்த பிறகு, தாளைப் பூவிலிருந்து உரிக்காமல் ஒரு மூலையிலிருந்து மெல்ல வளைத்தால் தானே விடும்.

கருத்துப்போனதற்குக் காரணம் உலர்வதில் தாமதம். முதல் 24 மணி நேரத்தில் மூன்று முறை தாள் மாற்றுங்கள், அடுத்த இரு நாள் தினம் இரு முறை, பிறகு தினம் ஒரு முறை. மலைக்காட்டு ஈரத்தில் இதுவும் போதாமல் போகும். அப்போது நெளிவு அட்டைகளை இடையிட்டு, 40–45° செல்சியஸ் சூட்டில் காற்றோட்டத்தோடு உலர்த்துங்கள். சூட்டைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம். அடைத்து வைத்த பெட்டியில் சூடு மட்டும் கொடுத்தால் பூ வெந்துவிடும், நிறம் பழுப்பாகும்.

சூலகமும் மட்டநிலத்தண்டும் பூவைவிடத் தடிமன். அப்படியே அழுத்தினால் பூவின் மேல் அழுத்தமே விழாமல் இதழ் சுருங்கும். தடித்த பகுதியைச் சுற்றிப் பஞ்சு அல்லது மடித்த தாள் வைத்து மட்டம் சமன் செய்யுங்கள். மட்டநிலத்தண்டை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதியை மட்டும் வையுங்கள். முழுதாக வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மண்ணைக் கழுவலாம், ஆனால் பழைய இலையடி நார்களைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், அவையும் அடையாளம். ஓடுதண்டு இருந்தால் அதன் நுனி வரை வேண்டும். வழக்கமான 28 × 42 செ.மீ. தாளில் இலை அடங்காவிட்டால், வெட்டாமல் வி வடிவத்தில் மடியுங்கள்.

தாளில் அழுத்தியதோடு நிற்காதீர்கள். இரண்டு பூவும் ஒரு மொட்டும் 70 விழுக்காடு எத்தனாலில் வேண்டும். நிறம் முழுக்க வெளியேறும், வடிவம் மட்டும் நிற்கும். கொண்டையின் முப்பரிமாணம் இதில்தான் பிழைக்கும். குப்பிக்கு உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்கள். பேனா மை கரைந்து எந்தக் குப்பி எந்தச் செடி என்றே தெரியாமல் போகும்.

உலர்ந்தபின் மீட்க முடியாதவற்றைக் களத்திலேயே எழுத வேண்டும். உள்ளிதழ் நிமிர்ந்ததா, படுக்கைவாக்கா? பூ எத்தனை மணிக்கு மலர்ந்தது? (ஐரிஸ் டைகோடோமா பிற்பகலில்தான் மலரும், காலையில் போனவர் மொட்டை மட்டும் பார்த்துத் திரும்புவார்.) மணம் உண்டா? மகரந்தப்பையின் நிறம், மகரந்தத்தின் நிறம், இலையடியில் ஊதாச் சாயல். அளவுகளைப் புதுப் பூவில் எடுத்து, ‘புதியது’ என்று குறியுங்கள். உலர்ந்த இதழ் சுருங்கும். இரண்டையும் கலந்து எழுதிய விவரிப்புகளால் பின்வருவோர் படும் பாடு அதிகம். நிறத்துக்குத் தோட்டக்கலை நிற அட்டையின் எண்ணைக் குறியுங்கள். படத்தில் சாம்பல் அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும், ஏனெனில் நீல ஊதாவைக் கேமராக்கள் பிசகாகக் காட்டும்.

எத்தனை செடி எடுப்பது? இருபது இருந்தால் ஒன்று என்பது பாதுகாப்பான எல்லை. கூட்டத்தில் பத்துத் தண்டுகளே இருந்தால் வேரோடு எடுக்காதீர்கள். பூத்தண்டு ஒன்று, இலை ஒன்று, படங்கள் போதும். வனத்துறை அனுமதி எண்ணைச் சீட்டில் எழுதுங்கள். அது இல்லாத மாதிரியைப் பல உலர்தாவரத் தொகுப்பகங்களும் இதழ்களும் ஏற்பதில்லை.

---

சிறகுவிதை பதில்:

மூன்றாவது கேள்விக்கு: டி.என்.ஏ. மட்டும் போதாது. அதிலும் பசுங்கணிக (இலையின் பச்சைத் துகள்களில் உள்ள) டி.என்.ஏ. மட்டும் என்றால் தவறான முடிவுக்கே வாய்ப்பு அதிகம். ஐரிஸில் பசுங்கணிகம் தாய்வழி வருவது. உங்கள் செடி இரு சிற்றினங்களின் கலப்பாக இருந்தால், மேட்-கே போன்ற பசுங்கணிக மரபணு வரிசை தாயை மட்டும் காட்டும். தந்தை தெரியவே மாட்டார். செல்லின் உட்கருவில் உள்ள, இருவழியிலும் வரும் வரிசையும், குறைந்தது ஐ.டி.எஸ். என்ற பகுதியாவது, சேர்த்துப் பாருங்கள். கலப்பினத்தில் ஐ.டி.எஸ். வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டைச் சிகரங்கள் தெரியும். அதை ‘மோசமான ஓட்டம்’ என்று தள்ளிவிடாமல் குளோன் செய்து பிரித்துப் பாருங்கள்.

இந்தப் பேரினத்தில் கலப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு லூசியானா ஐரிஸ்களே சான்று. ஜான் கங்கல் ஸ்மால் 1920களிலும் 30களிலும் அமெரிக்கச் சதுப்புகளிலிருந்து பல பத்துப் பெயர்களைப் புதிய சிற்றினங்களாக வெளியிட்டார். பின்னால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒருசில சிற்றினங்களின் இயற்கைக் கலப்புகள் என்று தெரிந்தது. இன்று அந்தக் குழுவில் பொதுவாக ஏற்கப்படுபவை ஐந்து. அதே குழுவிலேயே, கலப்பில் பிறந்து நிலைபெற்ற ஐரிஸ் நெல்சோனி 1966இல் முறையான சிற்றினமாக விவரிக்கப்பட்டது. ஆகவே கலப்பு என்பதாலேயே தகுதி போய்விடாது. தன்னைத்தானே விதையால் தொடர்கிறதா, தாய் தந்தையிடமிருந்து தனித்து நிற்கிறதா என்பதைக் காட்ட வேண்டும். கொண்டை ஐரிஸ்களிலும் ஜப்போனிகா, கன்ஃபூசா இரண்டும் கலந்த ‘நாடா’ என்ற தோட்ட வகை நெடுங்காலமாக உண்டு. அவை கலக்கும் என்பதை மனத்தில் வையுங்கள்.

இலை மாதிரிக்கு: இளம் இலையின் நடுப்பகுதி 5 சதுர செ.மீ. போதும். ஐரிஸ் இலை நார் மிகுந்து தடித்தது. துண்டாகப் போட்டால் உள்ளே ஈரம் தங்கி டி.என்.ஏ. சிதையும். நீளவாக்கில் 3–4 மி.மீ. கீற்றுகளாகக் கிழித்து, எடையில் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் புதையுங்கள். ஒரு நாளுக்குள் ஒடியும் அளவுக்கு உலர வேண்டும். ஜெல்லின் நிறம் மாறினால் உடனே புதிதாக மாற்றுங்கள். பிரித்தெடுக்கையில் பசைச் சர்க்கரையும் பீனால்களும் தொல்லை தரும். 2 விழுக்காடு சிடேப் (டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் வேதிப்பொருள்) கரைசலில் 2 விழுக்காடு பி.வி.பி. (பீனால்களைப் பிடித்துவைப்பது) சேர்ப்பது உதவும். கடைசியில் கிடைக்கும் வீழ்படிவு கூழாக இருந்தால் சர்க்கரை போகவில்லை என்று பொருள், அது டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆரில் ஓடாது.

தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடும்போது, எந்த உலர்மாதிரியிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லாதவற்றை நம்பாதீர்கள். தோட்டத்தில் தவறான பெயர்ப்பலகையோடு இருந்த செடியின் வரிசை, அதே தவறான பெயரோடு தரவுத்தளத்தில் ஏறியிருக்கக்கூடும்.

குரோமோசோம் எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள், செலவும் குறைவு. வளரும் வேர்நுனி 1 செ.மீ. எடுத்து, 0.002 மோலார் 8-ஹைட்ராக்ஸிகுயினோலினில் 3–4 மணி நேரம் முன்பதனம். பிறகு எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 கலவையில் ஒரு நாள். 60° செல்சியஸில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 8–10 நிமிடம். அசிட்டோகார்மைன் சாயம், நசுக்கல். முன்பதனம் நீண்டால் குரோமோசோம்கள் கட்டியாக ஒட்டும், குறைந்தால் நூலாக நீண்டு ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். மூன்று கூட்டங்களிலும் தலா இரண்டு செடி, செடிக்குப் பத்துச் செல்லாவது எண்ணுங்கள். ஒரே ஒரு நல்ல செல்லை நம்பி எண் வெளியிட வேண்டாம். கூடவே அசிட்டோகார்மைனில் 300 மகரந்தத் துகள்களையும் பார்த்துவிடுங்கள். பாதிக்கு மேல் வெறுங்கூடாக, சாயம் ஏறாமல் இருந்தால் மும்மயமோ கலப்போ என்ற ஐயம் வலுப்படும்.

---

இலையடி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அருகில் பழைய குடியிருப்பு எதுவும் இல்லை. அடுத்த பூக்காலத்தில் குறுக்கு மகரந்தச் சேர்க்கையும் குரோமோசோம் எண்ணிக்கையும் செய்கிறேன். எல்லாம் சாதகமாக வந்தால் பெயரிடும் விதிகளில் எங்கே வழுக்கும்? இடத்தை மறைத்து வெளியிட முடியுமா? அழியும் நிலையில் உள்ளது என்று உடனே அறிவிக்கலாமா?

---

மட்டநிலம் பதில்:

பெயர் செல்லுபடியாக, லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரிப்பு அல்லது வேறுபாட்டுக் குறிப்பு வேண்டும். 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் செல்லும். இதழ் இணையத்தில் மட்டும் வருவதானால், ஐ.எஸ்.எஸ்.என். அல்லது ஐ.எஸ்.பி.என். (இதழ், நூல்களுக்கான பதிவெண்கள்) உள்ள வெளியீட்டில் பி.டி.எஃப். வடிவில் வர வேண்டும். இதுபோன்ற இழையிலோ வலைப்பக்கத்திலோ பெயரை எழுதினால் அது வெளியீடாகாது, வெற்றுப் பெயராகச் சுற்றிக் குழப்பத்தை மட்டும் விளைவிக்கும். நினைத்திருக்கும் பெயரை அதுவரை வெளியே விடாதீர்கள்.

ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமாக நிற்கும் முதன்மை வகைமாதிரி) ஒன்றே ஒன்று, அது எந்தத் தொகுப்பகத்தில் இருக்கிறது என்று கட்டுரையிலேயே குறிக்க வேண்டும். உயிர்ச்செடி வகைமாதிரி ஆகாது, படமும் ஆகாது. ஐரிஸுக்கே உரிய ஒரு பொறி: செடி பெரியதாகி இரண்டு தாள்களில் போனால், இரண்டிலும் ‘தாள் 1/2’, ‘தாள் 2/2’ என்று எழுதி ஒரே மாதிரியின் இரு பகுதிகள் என்று இணைக்க வேண்டும். எத்தனால் குப்பியும் அதன் பகுதியென்றால் அதற்கும் குறுக்குக் குறிப்பு தேவை. இல்லாவிட்டால் பின்னாளில் எது ஹோலோடைப் என்ற வழக்கு எழும். காய்மாதிரி வேறு நாளில் எடுத்தது என்றால் அது ஹோலோடைப்பின் பகுதி ஆகாது, தனி மாதிரியாகத்தான் குறிக்கலாம்.

ஐரிஸ் பெண்பால் சொல். சில்வாடிகஸ் என்று எழுதினால் சில்வாடிகா என்று திருத்தப்படும். பெயர் ஏற்கெனவே பயன்பட்டதா என்று ஐ.பி.என்.ஐ. என்ற உலகத் தாவரப் பெயர்ப் பட்டியலில் தேடுங்கள். இன்று ஏற்கப்படும் பெயர்களை மட்டும் பார்த்தால் போதாது. 1753 முதல் இந்தப் பேரினத்தில் குவிந்த பெயர்கள் ஆயிரத்துக்கு மேல். நூறாண்டுக்கு முன் யாரோ வைத்து, இன்று வேறொரு பெயரின் கீழ் அடக்கப்பட்ட இணைப்பெயராகிப்போனதும் உங்கள் பெயரைத் தடுக்கும்.

அதேபோல, ஜப்போனிகாவின் கீழ் அடக்கப்பட்ட பழைய இணைப்பெயர்களின் வகைமாதிரிகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் உயர்தரப் படங்கள் தொகுப்பகங்களின் தளங்களில் கிடைக்கின்றன. உங்கள் செடிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்து, யாரோ தவறாக ஒன்றில் சேர்த்திருக்கலாம். அப்படியானால் புதுப்பெயர் தேவையில்லை, பழையதை மீட்பதுதான் முறை. அதுவும் நல்ல கட்டுரையே.

இடத்தை மறைக்கலாம். கட்டுரையில் மாவட்டமும் உயர எல்லையும் போதும். துல்லியக் குறியீட்டைத் தொகுப்பகத்திடம் ‘வெளியிட வேண்டாம்’ என்ற குறிப்போடு கொடுங்கள். படக் கோப்புகளில் ஒளிந்திருக்கும் இடக்குறியீட்டையும் நீக்க மறக்காதீர்கள். மட்டநிலத்தண்டு ஒரு பையில் அடங்கிவிடும், உயிரும் எளிதில் பிடிக்கும். தோண்டிப் போவது இந்தக் குழுவில் மிகச் சுலபம்.

அழியும் நிலை பற்றி: ஐ.யு.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) கணக்கில் வாழ்பரப்பை 2 × 2 கி.மீ. கட்டங்களில் எண்ணுவார்கள். மூன்று கூட்டங்கள் மூன்று கட்டங்களில் என்றால் 12 சதுர கி.மீ. மிக அபாய நிலைக்கு எல்லை 10க்குக் கீழ், அபாய நிலைக்கு 500க்குக் கீழ். ஆனால் பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. சிதறல் அல்லது இடங்களின் எண்ணிக்கை, தொடர் சரிவு, கடும் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் இரண்டைக் காட்ட வேண்டும். தனிச்செடிகளை எண்ணும்போது, ஓடுதண்டு அறுந்தாலும் தனியே பிழைத்து இனம்பெருக்கக்கூடிய ஒவ்வொரு விசிறியும் ஒன்றாகக் கணக்காகும். அருகிலுள்ள சரிவுகளைத் தேடாத நிலையில் ‘தரவு போதாது’ என்று போடுவதே சரி. அந்தச் சரிவுகளை எந்த நாள், எவ்வளவு தூரம் தேடினீர்கள் என்று, கிடைக்காத இடங்களையும் சேர்த்து, இப்போதிருந்தே குறித்துவையுங்கள். மதிப்பீடு செய்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.